தசரதன் கேட்ட கேள்விகள்

விசுவாமித்திர முனிவர் அயோத்தி அரசவைக்கு எழுந்தருளித் தம் வேள்வியைக் காக்க இராமனை அனுப்புமாறு கேட்ட கட்டத்தை அன்பர்கள் பிரவசனங்களில் பலமுறை கேட்டிருப்பார்கள். தசரதன் மயங்கியதும், முனிவர் சினந்ததும், வசிட்டர் இடைபுகுந்து நல்லுரை கூறியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மயக்கத்துக்கும் சினத்துக்கும் நடுவே தசரதன் கேட்ட கேள்விகள்தாம் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. வால்மீகி முனிவர் பால காண்டத்தில் அவற்றை விடாமல் பதிவு செய்திருக்கிறார். அந்த அரக்கர்கள் யார், யாருடைய மக்கள், எவ்வளவு வலிமை உடையவர்கள், எத்தகைய உருவினர், அவர்களுக்குப் பின்னால் நின்று காப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான் அந்தத் தந்தை. பிள்ளைக்கு இன்னும் பதினாறு வயது நிறையவில்லை என்கிறான். வேண்டுமானால் தானே படையுடன் வருவதாகவும் சொல்லிப் பார்க்கிறான்.

இந்தக் கேள்விகளுக்காக முனிவர் சினம் கொள்ளவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இராவணன் பெயரையும் மாரீசன், சுபாகு பெயர்களையும் சொல்லித் தெளிவாகவே பதில் தருகிறார். கொடுத்த வாக்கிலிருந்து மன்னன் பின்வாங்கியபோதுதான் அவருக்குச் சினம் மூண்டது. அதற்கு முன்பே, எதற்காக அழைக்கிறார், எத்தனை இரவுகள் தேவை என்பதையும் அவரே முன்வந்து சொல்லிவிட்டார். பத்து இரவுகள் என்பது அவர் சொன்ன கணக்கு. பிறகு, குலகுருவான வசிட்டர் விசுவாமித்திரரின் ஆற்றலையும் அஸ்திர அறிவையும் எடுத்துரைத்து, இவரை நம்பி அனுப்பலாம் என்று உறுதி கூறுகிறார். தசரதன் மனம் தெளிந்து இராமனை அழைக்கிறான். தனியாக அன்று, இலக்குவனோடு சேர்த்து. தாயும் தந்தையும் ஆசி கூறி அனுப்பி வைக்கிறார்கள்.

அந்த அரசவைக் காட்சி இன்று வீட்டுத் திண்ணைகளில் சிறிய அளவில் நடக்கிறது. சோழவந்தானிலும், வைகைக்கரையை ஒட்டிய திருவேடகம், தென்கரை, முள்ளிப்பள்ளம், குருவித்துறை ஆகிய ஊர்களிலும் மகனும் மருமகளும் வேலையின் பொருட்டுத் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியே வளர்க்கும் இல்லங்கள் பல உண்டு. ஒரு மாலை, பேரன் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறான். சாரணர் முகாம், மூன்று நாள், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் இடுக என்று அதில் அச்சிட்டிருக்கிறது. படித்துப் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டும். பேரனுக்கோ அவசரம். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும் என்கிறான். பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடந்துவிடுகிறது. ஒன்று, படிக்காமலே கையொப்பம். மற்றொன்று, அதெல்லாம் வேண்டாம் போ என்ற ஒரே சொல்லில் மறுப்பு. முன்னது பொறுப்பின்மை, பின்னது பிள்ளையின் வளர்ச்சிக்குத் தடை. தசரதன் முதலில் பின்னதைச் செய்யத்தான் பார்த்தான். வசிட்டர் இருந்ததால் அயோத்தி பிழைத்தது.

சாரணர் என்ற சொல் பெரியோர்களுக்குப் புதியதன்று. சித்தர், சாரணர், கந்தர்வர் என்று தேவகணங்களை வரிசைப்படுத்தும் புராணங்களில் அச்சொல்லைக் கேட்டிருப்பார்கள். சிலப்பதிகாரத்தில் வரும் சாரணர் சமணத் துறவியர். இன்றைய பள்ளிச் சாரணருக்கும் அவர்களுக்கும் உறவு பெயரளவில்தான், எனினும் ஓரிடத்தில் தங்காமல் திரிந்து நலம் செய்பவர் என்ற பொருள் இருவருக்கும் பொருந்தி வருகிறது.

இயக்கத்தின் தோற்றம் இங்கிலாந்தில். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டிப் பேடன் பவல் நடத்திய முகாமே அதன் தொடக்கம். அவர் இளமையில் இந்தியாவில் படைப்பணி செய்தவர். 1909இல் பெங்களூரில் முதல் சாரணர் படை தொடங்கியபோது அது வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை என்ற குறையைத் தீர்க்க 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தை ஏற்படுத்தினார். அந்தச் சிறுவர்கள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தார்கள். வடக்கே பண்டித மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918இல் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அலகாபாத்தில் நிறுவினார்கள். திரிவேணி சங்கமத்துக் கும்பமேளாவில் யாத்திரிகர்களுக்குத் தொண்டு செய்வது அவர்களுடைய பெரும்பணிகளுள் ஒன்று. நாடு விடுதலை பெற்றபின் வெவ்வேறு சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. மறு ஆண்டு சுதந்திர தினத்தன்று சிறுமியருக்கான கைடு அமைப்பும் சேர்ந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயிற்று. எனவே, இது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற விளையாட்டு என்று ஒதுக்குவது சரியாகாது. மாளவியாஜியும் பெசன்ட் அம்மையாரும் நம் மண்ணுக்கேற்ப நட்டு வளர்த்த செடி இது.

பக்தியுள்ள குடும்பங்களில் எழும் முதல் ஐயம் சமயம் பற்றியது. பிள்ளை நம் வழிபாட்டை விட்டுவிடுவானோ என்று பாட்டிமார் கவலைப்படுவதுண்டு. சாரணர் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியில் முதலில் வருவது கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை. அதன்பின் நாட்டுக்குரியது, பிறகு பிறருக்கு உதவுவது, சாரண விதிகளுக்குக் கட்டுப்படுவது. கடவுள் என்ற சொல்லின் இடத்தில் தர்மம் என்ற சொல்லை விரும்புவோர் வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. முகாம்களில் எல்லாச் சமயப் பிரார்த்தனையும் நடைபெறும். பேரன் அங்கே பிற சமயத்தார் வேண்டுதலையும் அமைதியாகக் கேட்டு நிற்பான், தன் நெற்றியில் திருநீறும் இட்டுக்கொள்வான். விதிகள் ஒன்பது. நம்பத் தகுந்தவனாக இருத்தல், பணிவு, விலங்குகளிடத்தும் இயற்கையிடத்தும் அன்பு, பொதுச்சொத்தைக் காத்தல், துணிவு, சிக்கனம் என்று செல்லும் அவ்வரிசையின் முடிவில் எண்ணம், சொல், செயல் மூன்றிலும் தூய்மை என்பது நிற்கிறது. திரிகரண சுத்தி என்று பெரியோர்கள் பூஜையறையில் சொல்வதைத்தான் பேரன் பள்ளி மைதானத்தில் கற்கிறான்.

இன்னொன்றும் சொல்லத் தக்கது. சாரணர் முன்னேறும் படிநிலைகளுக்குச் சோபானம் என்றே பெயர். திருக்குளத்துப் படிக்கட்டைக் குறிக்கும் அதே வடசொல். முதலில் பிரவேஷ் என்னும் நுழைவு. அதன்பின் பிரதம் சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என மூன்று படிகள். அதற்குமேல் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் குருளையர், சிறுமியர் நீலப்பறவையர். அதற்கு மேற்பட்டோர் சாரணர், சாரணியர். கல்லூரிப் பருவத்தினர் திரிசாரணர். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அணிகள் பல சேர்ந்தது ஒரு படை. இந்தச் சொற்களைத் தாத்தா தெரிந்து வைத்திருந்தால் பேரனோடு பேசுவது எளிதாகும். எந்தப் படியில் நிற்கிறாய், அடுத்த படிக்கு என்னென்ன மீதம் என்று கேட்டால் பிள்ளையின் முகம் மலர்வதைக் காணலாம். சும்மா, சாரணர் எப்படிப் போகிறது என்று கேட்டால் நல்லா போகுது என்ற இரண்டு சொல்தான் கிடைக்கும்.

ஒரு படியில் எவ்வளவு காலம் நின்று, எவற்றைக் கற்றுத் தேற வேண்டும் என்பதற்கு விதி உண்டு. ரயில்வே வேலையில் சாரணர்களுக்கென இட ஒதுக்கீடு உள்ளது என்பதால், பயிற்சியில்லாமலே சான்றிதழை மட்டும் பெற்றுவிட நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். குளத்தில் இறங்காமல் படிக்கட்டை எண்ணிவிட்டுத் தீர்த்தமாடியதாகச் சொல்வது போன்றது அது. வீட்டுப் பெரியவர்கள் இதற்குத் துணைபோகக் கூடாது.

இனி, கேட்க வேண்டியவற்றுக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெளிவந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்தது உண்மையில் என்.சி.சி. முகாமே அன்று. அமைப்போடு தொடர்பே இல்லாதவர்கள் சீருடையும் பெயரும் பூண்டு வந்து, நம்பிக் கூடிய பெண் குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தார்கள். பர்ணசாலைக்குக் காவியுடுத்தி வந்தவனின் கதையை எத்தனை யுகமாகக் கேட்டு வருகிறோம். ஆயினும் சீருடையைக் கண்டவுடன் கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம். அந்தப் பெற்றோர் மீது பிழை சொல்வதற்கில்லை. பள்ளியை நம்பியே அவர்கள் பிள்ளைகளை விட்டார்கள். அந்த நம்பிக்கையோடு ஒரு விசாரணையும் சேர வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சிக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்பட்டுள்ள கடமை.

விசாரிப்பது கடினமன்று. சாரணர் படை ஒவ்வொன்றும் மாவட்டச் சங்கத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு நடப்பில் உள்ளதா என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். ஐயம் இருப்பின் மாவட்ட ஆணையர் அல்லது மாவட்டச் செயலரிடமே கேட்டு அறியலாம். படையை நடத்தும் சாரண ஆசிரியர் பயிற்சி பெற்றவரா என்பது அடுத்தது. அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி என்று படிகள் உண்டு. உச்சப் பயிற்சி முடித்தவர் ஹிமாலயன் உட் பேட்ஜ் பெற்று, கழுத்தில் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மரமணிகளை அணிந்திருப்பார். முதற்பார்வைக்கு ருத்திராட்சம் போலத் தோன்றுவதால் சில பாட்டிமார் கும்பிட்டுவிடுவதும் உண்டு! அந்த மணியைப் பெற அவர் சில முகாம்களில் வெயிலிலும் மழையிலும் தாமே மாணவராக இருந்து கற்றிருக்கிறார் என்று பொருள்.

சாரணியர் படையை நடத்துபவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது இயக்கத்தின் விதி. முகாமுக்கு எந்த ஆசிரியை உடன் வருகிறார், இரவில் சிறுமியர் தங்கும் இடத்தில் அவரும் தங்குவாரா, கழிப்பறை எங்கே உள்ளது, உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்றெல்லாம் கேட்பதற்குக் கூச்சம் வேண்டுவதில்லை. பெரியவர் ஒருவர் எந்தப் பிள்ளையோடும் மறைவிடத்தில் தனித்திருக்கக் கூடாது என்பதை உலகெங்கும் சாரண அமைப்புகள் இன்று நெறியாகவே வைத்திருக்கின்றன. இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருந்தால், அந்தச் சுளிப்பே பாட்டிக்கு வேண்டிய பதிலைத் தந்துவிடும். விசுவாமித்திரர் போன்ற கோபக்காரரே அமர்ந்து பதில் சொல்லியிருக்கிறார்.

பேத்தி பெரியவளான பிறகு முகாமே கூடாது என்று தடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பாதுகாப்பு சரியில்லை என்றால் பேரனையும் அனுப்பக் கூடாது. சரியாக இருக்கிறது என்றால் பேத்தியை மட்டும் நிறுத்துவதில் நியாயமில்லை. மாதவிலக்கு நாளாக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பாட்டியே பேத்தியிடம் தனியே பேசி, தேவையானவற்றைப் பையில் வைத்து, உடன் வரும் ஆசிரியையிடமும் ஒரு சொல் சொல்லிவிட்டால் குழந்தைக்குப் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

அனுமதித் தாளில் முகாம் நடக்கும் இடத்தின் முழு முகவரி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், பயண ஊர்தி, பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதே தாளின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி ஒரு படி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாத மருந்து அல்லது உணவு ஏதேனும் இருப்பின் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். படைவிட்டு நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி இதை மறைப்போர் உண்டு. நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது, மறைத்த அந்த ஒரு வரிதான் ஆசிரியருக்கு வேண்டியிருக்கும். வைகையில் நீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில் ஆற்றுப்பக்கம் செல்லும் திட்டம் உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும். மேலே மெல்ல ஓடுவது போலத் தெரியும் நீருக்கு அடியில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருப்பதை ஆற்றங்கரையில் வளர்ந்த தாத்தாக்கள் அறிவார்கள். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

திட்டம் மாறினால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியதே. இந்த இடத்தில் விசுவாமித்திரர் மீதே ஒரு சிறு குறை சொல்லத் தோன்றும். வேள்வி முடிந்தது, பிள்ளைகள் ஊர் திரும்ப வேண்டியதுதான். முனிவரோ சிவதனுசைக் காட்ட மிதிலைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அயோத்திக்குச் செய்தி அனுப்பியவர் ஜனக மன்னர். அவருடைய தூதர்கள் வழியில் மூன்று இரவுகள் தங்கி விரைந்து சென்று தசரதனிடம் சேதி சொன்னார்கள். வில்லை முறித்து வென்ற பிறகும், தந்தையின் கருத்தறியாமல் சீதையின் கைப்பற்ற இராமன் இசையவில்லை என்பதைச் சீதாபிராட்டியே பின்னாளில் அனசூயையிடம் சொல்கிறாள். ஜனகை என்ற பழம்பெயரை ஜனக மன்னரோடு சேர்த்துப் பேசும் சோழவந்தானில், ஜனகை நாராயணப் பெருமாள் சந்நிதியில் நிற்கும்போது, பெண் வீட்டாராக இருந்தும் பிள்ளை வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்பிய அந்த மன்னரின் பண்பை எண்ணிப் பார்க்கலாம். இன்று தூதர் வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போதும். தாத்தாவுக்கு அது இயலாதென்றால், அண்டை வீட்டுப் பிள்ளையைப் படித்துச் சொல்லச் செய்யலாம், அல்லது முக்கியச் செய்திகளைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுமாறு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் மகனை அக்குழுவில் சேர்த்துவிட்டால் அவனுக்கும் பிள்ளையின் நாட்கள் தெரியும்.

முகாம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். மற்ற நாட்களில் வாராந்தரப் பயிற்சி நடக்கும். பெரியவர்கள் உண்மையில் பங்கு கொள்ளக்கூடிய இடம் இதுவே. சாரணர் ஒவ்வொருவரும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். நாள்தோறும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது அவர்களின் நியமம். இரவு உணவுக்குப் பின் அந்தப் பதிவேட்டைப் பேரனையே வாசிக்கச் சொல்லித் தாத்தா கேட்கலாம். திருத்துவதற்காக அன்று, கேட்பதற்காக.

முடிச்சுகள் சாரணப் பயிற்சியில் பெரும்பகுதி. இரண்டு கயிற்றை இணைக்கும் முடிச்சு, கம்பத்தில் கட்டும் முடிச்சு, ஆளைத் தூக்கும்போது இறுகாத முடிச்சு என்று பலவற்றைக் கற்பார்கள். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு, தண்டு நசுங்காமலும் கொடி நழுவாமலும் கட்டிய கைகள் இந்த ஊரில் எத்தனை இருக்கின்றன! அந்தக் கைகளுக்கு உரிய தாத்தா, பேரனின் புத்தகத்தில் உள்ள முடிச்சுப் படத்தைப் பார்த்தால் சிரிப்பார். சாரண ஆசிரியர் அப்படிப்பட்ட ஒருவரை ஒரு மாலை மைதானத்துக்கு அழைத்தால் பிள்ளைகளுக்கு அது பெரும் பேறு. தேர் வடம் பிடித்தவர்கள், தென்னை ஏறியவர்கள், மூலிகை அறிந்த பாட்டிகள் ஆகியோரிடம் உள்ள கல்வி எந்தச் சோபானத்திலும் குறைந்ததன்று.

பேரன் கற்று வருவதைப் பெரியவர்கள் ஏற்க வேண்டிய இடங்களும் உண்டு. அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் மஞ்சளும் மையும் பற்பசையும் பூசுவது பல வீடுகளில் வழக்கம். குளிர்ந்த குழாய் நீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுவதே முதலுதவி என்று பேரன் சொன்னால் அவன் சொல்வதே சரி. கொடிக்காலிலோ வயலிலோ பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை அசையவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதையும் அவன் கற்றிருப்பான். பிரணவத்தின் பொருளைப் பிள்ளையிடம் கேட்டறிந்த தந்தை சிவபெருமான். பேரனிடம் கட்டுப்போடக் கற்பதில் தாத்தாவுக்கு என்ன குறை?

கோயில் சார்ந்த குடும்பங்களுக்கு மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. திருமலையில் பிரம்மோற்சவத்தின்போது சாரண சாரணியர் பக்தர்களை வழிநடத்தும் தொண்டில் ஈடுபடுகிறார்கள். ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவில் பால்குடமும் அக்கினிச் சட்டியும் எடுத்து வெயிலில் நடந்து வரும் அன்பர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும், கூட்டத்தில் தவறிய குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்கவும், மயங்கியவரை நிழலுக்குக் கொண்டு செல்லவும் பயிற்சி பெற்ற பிள்ளைகள் மிகவும் பயன்படுவார்கள். இதை ஏற்பாடு செய்யக் கோயில் நிர்வாகத்தையும் பள்ளியையும் அறிந்த பெரியவர் ஒருவர் இருவரிடமும் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு முறை வைத்து ஓய்வும் மோரும் தர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். தொண்டு என்ற பெயரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உச்சி வெயிலில் நான்கு மணி நேரம் நிறுத்துவது அம்மனுக்கும் உவப்பாகாது.

அரசுப் பள்ளியாயின், கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். சாரணர் படை நம் பள்ளியில் ஏன் இல்லை என்று கேட்கவும், இருக்கும் படைக்கு என்ன தேவை என்று அறியவும் அதுவே தக்க இடம். தாத்தா உறுப்பினராக இல்லாவிட்டாலும் உறுப்பினராக உள்ள பெற்றோரிடம் சொல்லி எழுப்பச் செய்யலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், படைவீரர்கள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். பயிற்சி பெற்றுப் படைக்குத் துணை நிற்க அவர்களுள் சிலர் முன்வந்தால், ஒரே ஆசிரியர் பாடமும் நடத்திப் படையையும் சுமக்கும் பாரம் குறையும்.

2025ஆம் ஆண்டு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி நடைபெற்றது. பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரங்களில் தங்கினார்கள். மதுரையிலிருந்து மணப்பாறை எட்டாத தொலைவன்று. ஆனால், ஒரு வார காலம் வீட்டை விட்டு அத்தனை பெரிய கூட்டத்துக்குள் ஒரு பிள்ளை செல்வதென்றால், அதற்கு முன் ஒரு நாள் நடைப்பயணம், ஓரிரவு முகாம் என்று சிறுகச் சிறுகப் பழகியிருக்க வேண்டும். முதல் முகாமே பெருந்திரளணியாக இருப்பது பிள்ளைக்கும் நல்லதன்று, வாசலில் காத்திருக்கும் பாட்டிக்கும் நல்லதன்று.

பிள்ளை முகாமிலிருந்து திரும்பும் நாளுக்கும் ஒரு முறை இருக்கிறது. இறங்கியவுடன் கேள்வி மழை பொழியக் கூடாது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துச் சூடாக ரசம் சோறு உண்டு உறங்கட்டும். மறுநாள் அவனாகவே பேசத் தொடங்குவான். யார் பாட்டுப் பாடினார்கள், எந்த அணி சோற்றைக் கருக்கியது என்பவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எதைப் பற்றி அவன் பேசவில்லை என்பதையும் பாட்டியின் மனம் குறித்துக்கொள்ளும். யாராவது பயமுறுத்தினார்களா, தொடக்கூடாத விதத்தில் தொட்டார்களா, வீட்டில் சொல்லாதே என்று சொன்னார்களா என்பதைச் சினமின்றி, அவசரமின்றி, ஒருமுறையேனும் கேட்டுவிட வேண்டும். குழந்தை ஏதேனும் சொன்னால், மானம் போகும் என்று மூடி மறைக்காமல், உன் மீது தவறில்லை என்று முதலில் அவனைத் தேற்ற வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவும் பகலும் இயங்குவது, கட்டணம் இல்லாதது. அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் கொண்டுவருவது வெயிலில் கறுத்த முகமும், ஒரு சாக்ஸ் தொலைந்த பையும், தொண்டை கட்டிய குரலும்தான். பையிலுள்ள சீருடையைப் பாட்டி துவைக்க எடுக்கும்போது, அதைத் தானே துவைப்பதாகப் பேரன் சொன்னால் விட்டுவிடலாம். சோப்பு சற்று அதிகமாகவே செலவாகும். சட்டைக் கழுத்தில் அழுக்கும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கொடியில் காய்ந்ததும் அவனே மடித்து வைத்துவிட்டு, அடுத்த முகாமுக்கான தாளை எடுத்துக்கொண்டு தாத்தாவின் நாற்காலிக்கு அருகே வந்து நிற்பான். கண்ணாடியை இம்முறை அவனே தேடிக் கொண்டுவந்திருப்பான்.